மங்கல வளையல்

முன்பெல்லாம் ஏழாம் மாதம் போட்ட வளையலை, இப்போது கர்ப்பம் உறுதியான அன்றே அரசாங்கம் மாட்டிவிடுகிறது. வயிற்றுப் பிள்ளையின் காதில் நல்ல வார்த்தை மட்டுமே விழ வேண்டுமாம். தாய் அமங்கலமாக ஏதாவது சொன்னால் வளையல் கலகலவென்று குலுங்கி அவள் குரலை அமுக்கிவிடும். அப்பாக்களுக்கு வளையல் கிடையாது. அவர்கள் வாயில் எப்போதும் மங்கலம்தான்.

இரண்டாவது பிரசவத்தில் செத்துப் பிழைத்த நிரோஷா, மூன்றாவதைக் கலைத்துவிடும் முடிவோடு டாக்டர் முன் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், இந்த முறை பையன்தான் என்று நம்பும் கணவன் கோகுல்.

"இது முழுக்க உன் முடிவும்மா. யாரும் கட்டாயப்படுத்த முடியாது," என்றார் டாக்டர். "வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லு. குழந்தை வேணுமா, வேண்டாமா?"

நிரோஷா சொன்னாள். வளையல் குலுங்கியது. கத்திச் சொன்னாள். வளையல் அவளைவிடப் பலமாகக் குலுங்கியது. கண்ணீரோடு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"தலையாட்டினா செல்லாதும்மா, எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. அதான் பேச்சுரிமை இருக்குல்ல, பேசு."

மறுபடியும் கலகல.

டாக்டர் கோகுல் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றாங்க?"

"சந்தோஷம் தாங்கலை டாக்டர்," என்றான் கோகுல். "வளையல் சத்தத்தைக் கேட்டாலே தெரியலையா?"