நெயில் பாலிஷ் பொட்டு

காலையில் என் பட்டறைக்கு வரும்போதே கேப்டன் கையில் நெயில் பாலிஷ் இருந்தது.

அவருடைய மனைவியுடையது. ரத்தச் சிவப்பு. பழைய ஜீப்பின் டைனமோ, ரேடியேட்டர், ஸ்டார்ட்டர் என்று கண்ணில் பட்டதிலெல்லாம் ஒரு பொட்டு வைத்தார். எதையும் நான் மாற்றிவிடக் கூடாதாம்.

பிறகு தரையில் பேப்பர் விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்து, வண்டியின் அடிப்பக்கத்தையும் மொபைலில் படம் எடுத்தார்.

"இப்ப ஸ்பேனரைத் தொடு" என்றார்.

கேப்டன் என்பது அவரே தனக்குக் கொடுத்துக்கொண்ட பதவி. எந்தப் படையிலும் இருந்தவரில்லை. மலையேறும் ஜீப்காரர்கள் சங்கத்துக்குத் தலைவர். செங்குத்தான இடம் வந்தால் எல்லாரையும் பேச்சை நிறுத்தச் சொல்வாராம். கியருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி லிவரை இரண்டு கையாலும் இழுத்து, இனி நாலு சக்கரமும் இழுக்கும் என்று அறிவிப்பாராம். மேலே போய்ச் சேர்ந்ததும் கைதட்டல்.

நாளைக் காலை சம்பந்தியை அந்த மலைக்குக் கூட்டிப்போகிறார். இந்த நேரம் பார்த்து எஞ்சின் மண்டையைப் போட்டுவிட்டது. விபத்தில் நொறுங்கிய இதே மாடல் ஜீப் ஒன்றிலிருந்து வேறொரு எஞ்சினைத் தேடிப் பிடித்திருந்தேன்.

நாள் முழுக்க நாற்காலியை விட்டு அவர் எழவில்லை. நான் மூக்கைச் சொறிந்தால்கூட, போல்ட்டை மூக்கில் ஒளிக்கிறேனோ என்று பார்த்தார். பக்கத்தில் சம்பந்தி. தபால் ஆபீஸில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வுபெற்றவர். அதிகம் பேசாதவர்.

நாலு மணிக்கு எஞ்சின் இடத்தில் உட்கார்ந்து, சாவியை ஒரு தடவை திருகியதுமே உறுமியது. கேப்டன் முகத்தில் லேசான ஏமாற்றம்.

அப்போதுதான் மூலையில் கிடந்த நீளமான இரும்புத் தண்டு அவர் கண்ணில் பட்டது.

"அது என்ன?"

"முன் ஷாஃப்ட் சார். அது இருந்தாத்தான் முன் சக்கரம் இழுக்கும். எஞ்சினோட சேர்ந்து வந்தது."

ஜீப்புக்கு அடியில் குனிந்தார். ஷாஃப்ட் இருக்கவேண்டிய இடம் காலி. நிமிர்ந்தபோது முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"சம்பந்தி, பாத்தீங்களா! என் ஷாஃப்டையே கழட்டி வச்சுக்கிட்டு எங்கிட்டயே கதை விடறான், திருட்டுப் பய!"

பதினெட்டு வருடப் பட்டறை. அந்தச் சொல் இதற்குள் விழுந்ததில்லை. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் தலையை நீட்டிப் பார்த்தார்.

"காலைல எடுத்த போட்டோவைப் பாருங்க சார்" என்றேன்.

பார்த்தார். இரண்டு விரலால் பெரிதாக்கினார். படத்திலும் அந்த இடம் காலி. நான்கு போல்ட் ஓட்டைகளிலும் சேறு காய்ந்து கல்லாகியிருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்பு அவர் தலையில் இந்த வண்டியைக் கட்டியவன், டீசல் மிச்சம் பிடிக்க அதைக் கழற்றியிருப்பான்.

மதியமே எனக்குத் தெரியும். சம்பந்தி இல்லாத நேரமாகப் பார்த்துக் காதில் போடலாமென்று இருந்தேன்.

கேப்டன் படத்தைச் சின்னதாக்கினார். மொபைலைச் சட்டைப் பையில் போட்டார். கை அங்கேயே நின்றது.

"சம்பந்தி, அப்படியே மூணு டீ சொல்லிட்டு வந்துடறீங்களா?"

சம்பந்தி தெருவில் இறங்கினார். கேப்டன் மூலைக்குப் போனார். என் முகத்தைப் பார்க்கவில்லை. குந்தி உட்கார்ந்து, மூடியைத் திருகி, அந்தத் தண்டின் மேல் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார்.

சம்பந்தி டீயோடு திரும்பியபோது கேப்டனுக்குக் குரலும் திரும்பியிருந்தது.

"அடையாளம் போட்டு வச்சதால தப்பிச்சேன். நீங்களே பாருங்க!"

சம்பந்தி மூன்று கிளாஸையும் பானெட் மேல் வைத்தார். குனிந்தார். தொழில் பழக்கமோ என்னவோ, பொட்டைக் கட்டைவிரலால் லேசாகத் தடவினார். விரலைப் பார்த்தார்.

முதல் டீயை எடுத்து என்னிடம் நீட்டினார்.

கிளாஸின் மேல், சிவப்பாக, ஒரு கைரேகை.