காம்போடு ஒரு செம்பருத்தி

இக்னேஷியஸ் எழுந்தார். ஸ்டவ்வைப் பற்றவைத்தார். ரேஷன் சர்க்கரையைக் கிள்ளிப் போட்டுக் காபி குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். மனைவி ஐரின் இறந்த இந்த இரண்டு வருஷமாக இதே வரிசைதான். அந்த வீட்டில் இரண்டாவது டம்ளர் நனைந்ததில்லை.

இந்த மாதம் ஒரே ஒரு மாற்றம். தினமும் சவரம் செய்துகொண்டார். இன்று அதையும் இரண்டு தடவை செய்தார்.

"முதல்ல அந்தப் பொண்ணு மனசைத் தெரிஞ்சிக்கிட்டு வா. அப்புறம் அவ அண்ணன்கிட்ட நான் பேசறேன்" என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் சொல்லியிருந்தார். லஸ்ஸில் டிராம் ஏறியபோதும் அதே ஞாபகம்.

கல்லூரியில் மாணவிகள் தாமாக வகுப்புக்குப் போகும் வழக்கமில்லை. அவர்களுக்கென்று ஓர் ஓய்வறை. பாடம் நடத்துகிறவர் அதன் வாசலில் வந்து நிற்பார். தலைகுனிந்தபடி அவர் பின்னால் வரிசையாகப் போவார்கள். வகுப்பு முடிந்ததும் அதே வரிசையில் திரும்புவார்கள்.

மணி அடித்தபோது வாசலில் பத்ரிநாராயணனும் நின்றிருந்தார். பாட்டனி லெக்சரர். இருவருக்கும் ஒரே மாதிரி கறுப்பு அல்பாக்கா கோட்டு.

"உம்ம பாடு யோகம் ஓய்! லாஜிக்குக்கு இத்தனை பேர் பின்னாடி வரா. என் கிளாஸுக்கு ஆபீஸ்ல சேர்த்தது ஒருத்தி. அவளும் இன்னிவரைக்கும் கண்ணுல படலை" என்று சொல்லிவிட்டு அவர் தனியாக நடந்தார்.

ஓய்வறைப் பியூன் கபாலி பல்லைக் காட்டினான். "இன்னா சார், இன்னிக்கும் பூ வந்துகீது! ஈரத்துணியில சுத்தி, கொயந்தையாட்டம் எடுத்தாருது அந்த டோரதி அம்மா. தலையில வச்சிக்கிறதும் இல்ல. யாருக்குன்னு நான் கேக்கல."

"சும்மா இரு கபாலி."

"நான் சும்மாதான் கீறேன். நீதான் சார் மூஞ்சிய மயமயன்னு வச்சிக்கினு வந்துகீறே!"

வரிசை கிளம்பியது. கடைசியில் டோரதி. சாந்தோமில் சின்னக் குழந்தைகளுக்குத் தமிழில் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, இருபத்தாறு வயதில் இன்டர்மீடியட் படிக்க வந்தவள். காலேஜ் இங்கிலீஷ் இன்னும் பாதிதான் பிடிபட்டது. மூத்தவள் என்று மற்றப் பெண்கள் அவளிடம் பேச்சுக் கொடுப்பதில்லை.

இக்னேஷியஸின் வருகைப் பட்டியலில் அவள் பெயர் இன்னும் ஏறவில்லை. அவர் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. கல்லூரி வீங்கிக்கொண்டே போயிற்று. வாரம் ஒரு புதுப் பெயர் ஆபீசிலிருந்து வரும்.

அவள் வந்த முதல் நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. "எல்லா மனிதர்களும் சாகிறவர்கள்; சாக்ரடீஸ் ஒரு மனிதர்; ஆகவே சாக்ரடீஸும் சாகிறவர்" என்றுதான் லாஜிக்கை ஆரம்பிக்க வேண்டும். ஐரினுக்குப் பிறகு அந்த வாக்கியம் வாயில் வருவதில்லை. அன்றும் வரவில்லை. எதிரே, முன் பெஞ்சில், அவள் முன்னால் காம்பும் இலையுமாக ஒரு செம்பருத்தி இருந்தது.

"எல்லாச் செம்பருத்திப் பூக்களுக்கும் ஐந்து இதழ்கள்" என்று இங்கிலீஷில் தொடங்கிவிட்டார். அவள் நிமிர்ந்து பார்த்து, பரபரவென்று எழுதிக்கொண்டாள். அன்று முதல் அவர் பாடத்தில் மனிதர்கள் சாகவில்லை. பூக்கள் பூத்தன.

இன்றும் பூக்கள்தான். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: "சார், சாக்ரடீஸ் எங்க சார்?"

"லீவு போட்டுட்டார்டா, மச்சி!" என்றது இன்னொன்று. வகுப்பு சிரித்தது. டோரதி மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிக்காத முகம் அவருக்குத் தைரியம் கொடுத்தது.

மணி அடித்தது. ஓய்வறை வாசலில் அவர் ஒதுங்கி நின்றார். பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

"மிஸ் டோரதி."

அவள் நின்றாள்.

"இந்தப் பூ..." கோட்டுப் பித்தானைத் திருகினார். "தினமும் கொண்டு வர்றீங்க. எனக்காகவா?"

"உங்களுக்காகத்தான் சார். பின்ன யாருக்கு?"

"அப்ப ஏன் ஒரு நாளும் குடுக்கலை?"

"நீங்க கேக்கவேயில்லியே சார்."

"இப்ப கேக்கிறேன்."

அவள் ஈரத்துணியைப் பிரித்துப் பூவை நீட்டினாள். காம்பு அவர் உள்ளங்கையில் சில்லென்று பட்டது. சாயங்காலமே சாமியாரைப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார். போகிற வழியில் இன்னொரு டம்ளர் வாங்கவேண்டும். வீட்டில் இருக்கும் இரண்டாவது டம்ளர் களிம்பேறியிருக்கும்.

"சார்..." அவள் குரல் இறங்கியது. "எனக்கும் ஒண்ணு கேக்கணும். வந்த நாள்லேர்ந்து மனசுல இருக்கு. கேக்கக் கூச்சமா இருந்திச்சு. தப்பா நினைக்கக் கூடாது."

தூணுக்கு அந்தப் பக்கம் கபாலி காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். நிற்கட்டும் என்று விட்டுவிட்டார்.

"நினைக்க மாட்டேன். எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த செம்பருத்தியைப் பார்த்தாள்.

"மத்த காலேஜ்ல எல்லாம் பாட்டனி சாருங்க முதல் வாரமே பூவை வெட்டிக் காட்டிடுறாங்களாம். நாம எப்ப சார் வெட்டுவோம்?"