ஏழாவது ஆட்டம்

கூடைப்பந்துத் தொடரின் ஏழாவது ஆட்டம் முடிந்த மறுநாள் சாயங்காலம், ஷிப்ட் முடிந்து வெளியே வந்த காசிமாயன் போனைத் திறந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

ரசிகர் குழுவில் அவனுக்குப் பதிலாகப் பேச அவன் போனிலேயே குடியிருக்கும் ஏஐ பதிலாள், அவன் குரலில், அவன் வசவுகளோடு அருள்சீலனிடம் சண்டை போட்டிருந்தது. நானூறு செய்திகள். கடைசி இரண்டை மட்டும் படித்தான். அடுத்த சீசனில் கோப்பை மதுரைக்கா, தூத்துக்குடிக்கா என்று முற்றி, 'இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்' என்று முடிந்திருந்தது.

பெரியகுளம் பள்ளி மைதானத்தில் ஒரே பந்துக்கு அடித்துக்கொண்டு தொடங்கிய இருபது வருஷப் பழக்கம். கெஞ்சுகிற காலை இழுத்துக்கொண்டு நேரே அருள்சீலன் வீட்டுக்குப் போனான்.

அருள்சீலன் வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் சாய்ந்திருந்தான்.

"மன்னிச்சிரு மாப்ள. அதெல்லாம் நான் பேசினதில்ல. சீசன் பூரா டபுள் ஷிப்ட். ஒரு மேட்ச்கூடப் பாக்கல."

அருள்சீலன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "என்னைய என்னடா திட்டுச்சு?"

"நீ படிக்கலையா?"

"எனக்கும் பதிலாள்தான்டா பேசுது. பொங்கல்ல இருந்து."

இருவரும் சிரித்தார்கள். அதற்கும் தெம்பில்லாமல் சீக்கிரமே நிறுத்திக்கொண்டார்கள். காசிமாயன் படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினான்.

"ஆமா, கடைசியில யாருடா ஜெயிச்சா?" என்று கேட்டான் அருள்சீலன்.

"உன்கிட்ட கேக்கலாம்னுதான்டா வந்தேன்."