மீன் நாத்த மனு

"எழுதுட்டி. 'மீன் நாத்தம் தாங்க முடியல, உடனே நடவடிக்கை எடுக்கணும்.' எழுதிட்டியா?"

ஆறுமுகத்தாய் அத்தை சொல்லச் சொல்ல, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எழுதினேன். நான் படித்தது அஞ்சாவதுதான். ஆனாலும் தாராவியில் எங்கள் சந்தில் மராத்தி எழுதத் தெரிந்த பொம்பளை நான் ஒருத்திதான். அதனால் மூணு வருஷமாக இந்தப் பாவம் என் தலையில்.

"அத்தை, இப்பதான் அங்க மீனே இல்லையே..."

"நீ எழுது. வக்கீலாட்டம் கேள்வி கேக்காத."

எழுதி முடித்துக் கொடுத்தேன்.

எங்கள் சந்துக்குப் பின்னால்தான் கோலிவாடாக்காரர்கள் மீன் காயப்போடும் களம். பம்பாய் என்று பேர் வருவதற்கு முந்தியே இங்கே மீன் பிடித்தவர்கள் அவர்கள். இப்போது கழிமுகத்துத் தண்ணீர் கறுப்பாகிவிட்டது. மீன் இல்லை. களத்தில் வெறும் மூங்கில் கம்புகள் நிற்கின்றன. களத்துக்காரி ஹீராவை 'மாவ்ஷி' என்போம், மராத்தியில் சித்தி. இப்போது அவள் மொத்தக் கடையில் மீன் வாங்கிக் கூடையில் விற்கிறாள்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டதும் அந்தக் களத்துக்குத்தான் ஓடுவோம். காக்கா விரட்டுகிற பிள்ளைக்கு ஒரு கை சுக்கட். அது அங்கே வழக்கம். சுக்கட் என்றால் நம்ம ஊர் சென்னாக்குன்னிதான். மாவ்ஷி கை பெரிய கை. எனக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் போடுவாள். பாவாடையில் முடிந்து கொண்டுவந்தால், அம்மா வெங்காயம் போட்டு வதக்குவாள். சந்தே மணக்கும்.

அத்தை மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்துவாள். அவள் சைவம். இட்லி வியாபாரம் வேறு.

"என் இட்லில மீன் வாடை அடிக்குன்னு வார்டு ஆபீஸ்காரன் திருப்பிக் குடுக்கான்! இவள உள்ள தள்ளாம விட மாட்டேன்!"

அன்றைக்கு ஆரம்பித்த மனு. வருஷத்துக்கு ஒன்று. வார்டு ஆபீஸ் வாசலில்தான் இட்லி விற்கிறாள். அப்படியே உள்ளே போய் மனுவைக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

இந்த வருஷ மனு நான் எழுதினது எப்படியோ மாவ்ஷி காதுக்குப் போய்விட்டது. குழாயடியில் என்னைப் பார்த்தாள்.

"நீயுமா, போரி? என் பொண்ணு நீயுமா?"

அவ்வளவுதான் கேட்டாள். குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தண்ணீர் பாதிதான் நிறைந்திருந்தது.

ஜூன் மாசம், மழைக்கு நடுவில் சர்வேக்காரர்கள் வந்தார்கள். ஒரு சர்க்கார் அதிகாரி. கூடவே கட்டடம் கட்டப்போகிற கம்பெனியின் ஆள், தலையில் நீலத் தொப்பியோடு.

"காலி ப்ளாட் ஸாப். எழுதிக்குங்க" என்றான் கம்பெனிக்காரன்.

"காலியா? எங்க பாட்டன் பூட்டன் மீன் காயப்போட்ட களம்!" மாவ்ஷி குறுக்கே போய் நின்றாள்.

"காகிதம் இருக்கா மாவ்ஷி?" அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். "கடைசி மூணு வருஷம் இங்க மீன் காய்ஞ்சதுக்கு சர்க்கார் முத்திரை போட்ட காகிதம் ஒண்ணு காட்டுங்க. உங்க களம்னு எழுதிடறேன். இல்லன்னா கம்பெனிக்குத்தான்."

"வெயில்ல காயற மீனுக்கு எவன் ஸாப் ரசீது குடுப்பான்?"

கோலிவாடாவே தலைகுனிந்து நின்றது. அப்போது கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அத்தை வந்தாள். கையில் மஞ்சப்பை.

"போச்சு. எரியற வீட்டுல கொள்ளி பிடுங்க வந்துட்டா" என்றார் என் வீட்டுக்காரர் வேல்ராஜ்.

"ஸாப்! இந்த ஹீரா மேல எனக்குப் பதினஞ்சு வருஷமா கம்ப்ளெயின்ட் இருக்கு. ஒருத்தனும் கேக்கல. நீங்களாவது கேளுங்க."

கம்பெனிக்காரனுக்கு வாயெல்லாம் பல். "வாங்கம்மா, வாங்க! வழி விடுங்கப்பா!" என்று அவனே பையை வாங்கி, சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான்.

"'கோலிவாடா ஹீராபாய் இந்தக் களம் முழுக்க மீன் காயப்போடுகிறாள். நாத்தம் தாங்க முடியவில்லை.' வார்டு ஆபீஸ் முத்திரை... போன வருஷம்... அதே களம்... முத்திரை. அதுக்கு முந்தின வருஷம்..."

சத்தம் குறைந்துகொண்டே வந்து நின்றுவிட்டது.

அதிகாரி கையை நீட்டிக் காகிதங்களை வாங்கினார். பதினஞ்சையும் புரட்டினார். கடைசி மூணை இரண்டு தடவை பார்த்தார்.

"எங்க முத்திரைதான்" என்றார். வரைபடத்தில் எழுதினார்: 'மீன் களம். உபயோகத்தில் உள்ளது.'

கம்பெனிக்காரன் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டான்.

அவர்கள் போனார்கள். மாவ்ஷி ஓடிவந்து அத்தையின் கையைப் பிடித்தாள்.

"சீ, விடு. மீன் கை!" அத்தை முகத்தைச் சுளித்தாள். ஆனால் கையை எடுக்கவில்லை.

நான் மெதுவாகக் கேட்டேன். "மூணு வருஷக் காகிதம் கேப்பாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே எப்படி அத்தை தெரியும்?"

"வார்டு ஆபீஸ் வாசல்ல இட்லி விக்கவளுக்குக் காது செவிடாட்டி?"

மாவ்ஷி என்னைப் பார்த்தாள். பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அத்தை மஞ்சப்பையை உதறி மடித்தாள்.

"ஏ ஹீரா, மழை விட்டதும் நாலு மீனாவது வாங்கியாந்து இங்க காயப்போடு. காக்கா விரட்ட இவ பிள்ளை இருக்கான். நாத்தம் வரலன்னா, பொய் மனு குடுத்தவன்னு என்னையல்லா உள்ள தள்ளிருவானுவ!"