தலையைத் திருப்பிக்கொண்டே

"இந்த டைல்ஸ் கோட்டு மேல கதவு வரைக்கும் நடந்து காட்டுங்க டீச்சர், பார்க்கலாம்" என்றார் எங்கள் பள்ளித் தாளாளர் வேதசிரோமணி.

ஆசிரியர் கூட்டம். மொத்தப் பள்ளியும் உட்கார்ந்திருக்கிறது. நான் என்ன, சர்க்கஸ் காட்டவா வந்திருக்கிறேன்?

மருத்துவ விடுப்பு முடிந்து அன்றைக்குத்தான் செம்பாக்கத்தில் இருக்கும் எங்கள் பள்ளிக்குத் திரும்பியிருந்தேன். டாக்டர் கொடுத்த சான்றிதழை நீட்டினேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

பத்தாம் வகுப்புக் கணக்கு என்னுடையது. தள்ளாடினால் அது போய்விடும், பின்னாலேயே வேலையும் போகும். தள்ளாடாமல் நடந்தால், இத்தனை நாளும் நடித்தாள் என்பார்கள். எப்படிப் போனாலும் எனக்குத்தான் அடி.

என் உட்காதில் கோளாறு. ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது என் காலுக்குக் கீழே இருந்த தரையை ஆட்டிவிட்டுப் போய்விட்டது.

கை உடைந்தால் கட்டுப் போடுவார்கள், பார்க்கிறவர்கள் ஐயோ பாவம் என்பார்கள். தலை சுற்றினால் யாருக்கும் தெரிவதில்லை. பித்தம், எலுமிச்சம்பழம் பிழிந்து குடி என்று அவரவர் வைத்தியம் சொல்வார்கள். விடுப்பு எடுப்பதற்கு முன்பு நான் வராந்தாச் சுவரைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்குப் போனதைப் பார்த்த ஒரு தகப்பன், டீச்சர் குடித்துவிட்டு வருகிறாரா என்று ஆபீஸில் வந்து கேட்டிருக்கிறான்.

நானா? சர்ச்சில் திருவிருந்தின்போது கொடுக்கும் ஒரு வாய் திராட்சரசத்துக்கே முகம் சுளிக்கிறவள்.

தாம்பரத்தில் தலைசுற்றலுக்குப் பயிற்சி கொடுக்கும் ஜெரூஷாதான் என்னை மீட்டெடுத்தாள். கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டி, கண்ணை அதிலிருந்து எடுக்காமல் தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டச் சொல்வாள். அறையே சுழலும், குமட்டிக்கொண்டு வரும். "சுத்தட்டும்க்கா, சுத்தினாத்தான் மூளை பழகும்" என்பாள் இரக்கமே இல்லாமல்.

வீட்டுக்குள் நன்றாக நடக்கிறேன் என்று ஒரு நாள் பெருமையடித்துக்கொண்டேன். அன்றைக்கே என்னை மார்க்கெட்டுக்கு இழுத்துப் போய்விட்டாள். பூக்கடை, தள்ளுவண்டி, இடித்துக்கொண்டு போகிற ஜனம், நடுவில் நான்.

"ஆளில்லாத இடத்துல நடந்து என்னக்கா பிரயோஜனம்?"

அத்தனை பாடும் இந்த மனிதர் முன்னால் நடந்து காட்டவா பட்டேன்?

இவர் எப்பேர்ப்பட்டவர் என்றால், கூட்டத்தின் ஆரம்ப ஜெபத்துக்கு நாங்கள் எல்லாரும் எழுந்து நின்றோம். இவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. கர்த்தருக்கு முன்னாலேயே எழுந்திருக்காத மகராசன். நான் விடுப்பில் போவதற்கு முன்பு இந்தத் திமிர் இருந்ததில்லை. யாராவது பேசினால் கழுத்தைக்கூடத் திருப்புவதில்லை, நாற்காலியோடு மெதுவாகத் திரும்பிப் பார்க்கிறார்.

நடந்தேன்.

எதிர்ச் சுவரில் சபைக் காலண்டர் தொங்கியது. அதில் இருந்த ஆட்டுக்குட்டியின் மூக்கில் கண்ணை வைத்தேன். ஒரு காலின் விரலை ஒட்டி மறு காலின் குதிகாலை வைத்து, கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். பி.டி. மாஸ்டர் சாலமோன் கைதட்டப் போய், தாளாளர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"இன்னொரு தடவை. தலையை ரெண்டு பக்கமும் திருப்பிக்கிட்டே நடங்க."

எங்கே தட்டினால் நான் விழுவேன் என்று யாரோ இவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அதையும் நடந்தேன். ஒரு பக்கம் திரும்பினால் பரிதாபப்படுகிற முகங்கள். மறு பக்கம், செல்போனைப் பார்ப்பதுபோல் குனிந்திருந்தவர்கள். பாதி வழியில் தரை லேசாகச் சரிந்தது. சரிந்தால் சரியட்டும் என்று அடுத்த காலை எடுத்து வைத்தேன். விழவில்லை.

"சரி, எல்லாரும் போகலாம். ரத்தினபாய் டீச்சர், நீங்க மட்டும் இருங்க. கதவைச் சாத்துங்க."

இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்ற எரிச்சலோடு சாத்தினேன்.

"உங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது யாரு? எங்க இருக்காங்க?" குரல் அடங்கிப்போயிருந்தது. "எனக்குக் கிறிஸ்துமஸ்லேர்ந்து இப்படித்தான் சுத்துது. வெளியில யாருக்கும் தெரியாது. குணமாகுமான்னு ஒரு தடவை கண்ணால பார்த்துடணும்னு இருந்தது."

அப்போதுதான் கவனித்தேன். அவருடைய இடது கை மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. ஜெபத்தின்போதும் அந்தக் கை அங்கேயேதான் இருந்தது.

எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வயிறு எரிந்தது.

ஒன்றும் தெரியாதவர் நடக்கச் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். இவருக்குத் தெரியும். காலடியில் தரை நழுவுவது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டே, தான் நாற்காலியில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு, எல்லார் முன்னாலும் என்னை நடக்கவிட்டிருக்கிறார்.

ஜெரூஷாவின் பெயரையும் இடத்தையும் சொன்னேன்.

சொல்லிவிட்டுப் போய்க் கதவை அகலத் திறந்தேன். வராந்தாவில் சாலமோனும் மற்றவர்களும் இன்னும் கலையவில்லை. பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே பார்த்தார்கள்.

நான் திரும்பி வந்து, மார்க்கெட்டில் ஜெரூஷா எனக்கு நீட்டியதுபோலவே என் முழங்கையை அவரிடம் நீட்டினேன்.

"எழுந்திரிங்க சார்" என்றேன். "ஆளில்லாத இடத்துல நடந்து பிரயோஜனம் இல்ல."