மூன்று தடவை செத்தவர்

"செத்துட்டான்ல? அப்புறம் இன்னாத்துக்கு எழுந்து உக்கார்றான்?"

முன்வரிசையில் இருந்தபடியே தேவராஜ் சத்தமாகக் கேட்டார். பக்கத்தில் மனைவி யுவராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய சமுதாயக் கூடத்தில் ஞாயிறு மாலை நாடகம். தேவராஜ், வேப்பம்பட்டு குடியிருப்போர் சங்கச் செயலாளர். பொங்கல் விழாவுக்கு இந்தக் குழுவை அழைக்கலாமா என்று பார்த்துச் சொல்ல வந்திருந்தார்.

குழுத் தலைவர் பரந்தாமனுக்கும் அது தெரியும். தொடங்குமுன் அவரிடம் வந்து, "எல்லாம் உங்க கையிலதான் சார். ஆறு மாசமா ஒரு மேடை கிடைக்கல. எட்டு பேர் காத்துகினு கீறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் மேக்கப் போடப் போனார்.

ஐந்தே முக்கால் வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்பா வேஷத்தில் பரந்தாமன், பிள்ளைகளை ஒன்று சேர்த்துவிட்டுக் கட்டிலில் உயிரை விட்டபோது பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். திரை விழ வேண்டியதுதான் பாக்கி.

அப்போது டாக்டர் வேஷக்காரர் அவசரமாக வந்து, நாடி பார்க்கிற மாதிரி குனிந்து பிணத்தின் காதில் ஏதோ சொன்னார்.

பிணம் எழுந்து உட்கார்ந்தது.

"பெரியவனே, சொல்ல மறந்துட்டேன். கேஸ் சிலிண்டர் புக் பண்ணிட்டியா?"

கேஸில் ஆரம்பித்து ரேஷன் கார்டு, தண்ணீர் லாரி, எதிர்வீட்டு நாய் என்று ஒன்றையும் விடவில்லை. பத்து நிமிடம் பேசிவிட்டுச் செத்தார். மறுபடியும் எழுந்தார்.

"அண்ணாத்தே, ஒரேடியா செத்துடு அண்ணாத்தே! ஊட்டுக்குப் போவணும்!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்த, விசில் பறந்தது.

தேவராஜுக்குப் பொறுமை போய்விட்டது. அம்பத்தூர் போய் ரயிலைப் பிடிக்க வேண்டும்.

"நீ மெதுவா வா. நான் ஆட்டோ பாக்குறேன்" என்று யுவராணியிடம் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார்.

"ஐயா! முன்வரிசை ஐயா!" மேடையிலிருந்து பரந்தாமன் அலறினார். "சாவப்போறவன் கேக்குறேன், போவாதீங்க! உங்க மடியிலதான் என் உசுரு போவணும்!"

சொன்னதோடு நிற்கவில்லை. குதித்து இறங்கி ஓடிவந்து, தேவராஜின் கையைப் பிடித்து இழுத்துப் போய் நாற்காலியில் உட்கார வைத்து, மடியில் தலையையும் வைத்துவிட்டார். கூடமே உருண்டு புரண்டு சிரித்தது. தேவராஜுக்கு மானம் போன மாதிரி இருந்தது.

மூன்றாவது சாவு ஆறே காலுக்கு, அவர் மடியிலேயே நடந்தது. திரையும் ஒருவழியாக விழுந்தது.

வெளியே போக ஒரே வாசல். பக்கத்துக் கதவை மறித்து வாடகை நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். இருநூறு பேரும் அந்த ஒரு வாசலில் இடித்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

"இது நாடகமா, இழுவையா?"

"ஞாயித்துக்கிழமையே வீணாப் போச்சு மாமே!"

வாசலோரம் பரந்தாமன் மேக்கப்கூடக் கலைக்காமல் நின்று, ஒவ்வொருவரிடமும் கைகூப்பிக்கொண்டிருந்தார். "மன்னிச்சுக்கங்க... தள்ளாம, மெதுவாப் போங்க..."

தேவராஜ் அவர் எதிரிலேயே சங்கத் தலைவருக்கு போன் போட்டார். "தலைவரே, இந்தக் குழு வேணாம். சுத்த வேஸ்ட்."

பரந்தாமனின் முகம் சுண்டிப்போனது. "சரிங்க சார்" என்றார். அடுத்து வந்தவரிடம் கைகூப்பத் திரும்பினார்.

புதுத் தரை என்று செருப்பையெல்லாம் வாசலுக்கு வெளியே விடச் சொல்லியிருந்தார்கள். வரிசையாக விட்ட செருப்புகள் இப்போது சிதறி, குவியலாகக் கிடந்தன. கூட்டம் முழுவதும் கரைந்த பிறகும் தேவராஜின் செருப்பு கிடைக்கவில்லை. வாட்ச்மேன் கோவிந்தராஜ் மீது பாய்ந்தார்.

"இன்னாய்யா லட்சணம் இது? யார் இப்படிக் கலைச்சுப் போட்டது?"

கோவிந்தராஜ் உள்ளே எட்டிப் பார்த்தார். நாடகம் பார்க்க வந்தவர்கள் யாரும் இல்லை என்று உறுதியானதும் குரலைத் தாழ்த்தினார்.

"நல்ல பாம்பு சார். ஏரியில தண்ணி ஏறிடுச்சுல்ல, செருப்புங்க நடுவுல வந்து பூந்துகிச்சு. புடிக்கிறவரு ஆவடியிலேர்ந்து வரணும். பாம்புன்னு சொன்னா அத்தினி பேரும் இந்த ஒரே வாசலுக்குத்தான் ஓடியாருவாங்க. கொழந்தைங்க மெதிபட்டுடும். அவரு வந்து புடிக்கிற வரிக்கும் நான் நாடகத்த இழுக்குறேன்னு பரந்தாமன் அண்ணன்தான் டாக்டர் வேஷக்காரர்கிட்ட சொல்லி அனுப்பிச்சாரு. புடிச்சப்போதான் செருப்பெல்லாம் கலைஞ்சுபோச்சு. கடைசி ஆள் எறங்குற வரிக்கும் வாயத் தொறக்காதேன்னாரு."

தேவராஜ் திரும்பிப் பார்த்தார். காலிக் கூடத்தில் பரந்தாமன் ஒற்றை ஆளாகக் கட்டிலை இழுத்துக்கொண்டிருந்தார். இருநூறு பேரின் ஏச்சையும் வாங்கிக்கொண்டு எப்படித்தான் உண்மையைச் சொல்லாமல் நின்றாரோ!

போனை எடுத்தார். "தலைவரே, பொங்கலுக்கு இவங்கதான். நடிப்புன்னா இன்னான்னு இன்னிக்குத்தான் பாத்தேன்."

போனை வைத்துவிட்டு, "என் செருப்பு பிரவுன் கலரு, புதுசு. பாத்தியாப்பா?" என்று கேட்டார்.

கோவிந்தராஜ் வாசற்படியோரம் தனியாகக் கிடந்த ஒரு ஜோடியைக் குச்சியால் தள்ளிக் கொடுத்தார்.

"இதுவா சார்? இது மேலதான் சுருண்டு படுத்துகினு இருந்துச்சு."