மூன்று நாள் விலக்கு

"கர்ப்பப்பையே இல்லைன்னா எப்படி டாக்டர்? மாசம் தவறாம அவ வீட்டுக்குத் தூரமாகி, மூணு நாள் கொட்டகையில உக்கார்றாளே."

மதுரை டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எதிரே தவசி. போடியிலிருந்து குரங்கணிக்கு ஜீப் ஓட்டுகிறவன். கல்யாணமாகி நாலு வருடமாகியும் குழந்தை இல்லையே என்று மனைவி அன்னக்கொடியைக் காட்ட வந்திருந்தான். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"உட்கார்றாங்க, சரி. ஆனா அவங்களுக்கு அது ஒரு தடவைகூட வந்திருக்காது, இனி வரவும் வராது. போன தடவை எடுத்த ரத்தத்தை மெட்ராஸுக்கு அனுப்பிப் பார்த்தாச்சு."

"அப்ப அவளுக்கு என்னதான் டாக்டர்?"

"நம்ம உடம்புல குரோமோசோம்னு ஒண்ணு இருக்கு, தவசி. பொம்பளைன்னா ரெண்டு எக்ஸ். ஆம்பளைன்னா ஒரு எக்ஸ், ஒரு ஒய். உங்க சம்சாரத்துக்கு எக்ஸும் ஒய்யும் இருக்கு."

"ஆம்பளைங்கிறீங்களா?"

"இல்லைங்கறேன். அந்த ஒய் சொன்னதை அவங்க உடம்பு கேட்கவே இல்லை. தாய் வயித்துல இருந்தே பொண்ணாத்தான் வளர்ந்திருக்காங்க. மனசும் பொண்ணு மனசுதான். கர்ப்பப்பை மட்டும் உருவாகலை. குழந்தை பிறக்காது, அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். தவசிக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஜீப்பில் கோளாறு என்றால் பானெட்டைத் திறந்து பார்த்துவிடுவான். இதை எங்கே திறந்து எதைப் பார்ப்பது?

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். நல்ல உயரம், மாசு மரு இல்லாத முகம். இவள் பெண்ணில்லை என்றால் ஊரில் வேறு யார்தான் பெண்? பெண்தான் என்றால் இத்தனை நாள் கொட்டகையில் எதற்கு உட்கார்ந்தாள்? ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் அவனால் அடக்க முடியவில்லை.

"நெசத்தைச் சொல்லு. நீ வயசுக்கு வந்தியா, இல்லையா?"

"இல்ல மாமா."

"ஊரைக் கூட்டிச் சடங்கு வச்சாகளே. நானே பந்தியில உக்காந்து சாப்பிட்டேனே."

"வச்சாக. என் சோட்டுப் பிள்ளைக எல்லாரும் ஆகிட்டாக, நான் மட்டும் ஆகல. அவுகளோட கெணத்துக்குக் குளிக்கப் போகவே கூசும். எனக்கு என்ன கொறைன்னு எனக்கே தெரியாது மாமா. சும்மாவாச்சும் உக்காருன்னு சொன்னாக, உக்காந்தேன்."

"யாரு சொன்னது? ஒங்காத்தாவா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

"என்னையக் கொண்டுபோய் எங்க வீட்டுல விட்டுராதீக மாமா. ஒங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

அவனுக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. தேனி வருவதற்குள் ஆத்திரம்தான் ஜெயித்தது.

சிலமலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் தாய் இருளம்மாள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். மதுரைக்கெல்லாம் போக வேண்டாம் என்று தடுத்தவள் அவள் ஒருத்திதான். அன்னக்கொடி அவளுடைய அக்கா பேத்தி. பிடிவாதம் பிடித்து எடுத்த மருமகள்.

"என்னப்பு சொன்னாரு டாக்டரு?"

"ஒங்கக்கா வீட்டுல நம்மள நல்லா ஏமாத்திட்டாக ஆத்தா."

டாக்டர் சொன்னது, பஸ்ஸில் கேட்டது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான். "நாளைக்கு வெள்ளன இவளைத் தேவாரத்துல அவ ஆத்தா வீட்டுல கொண்டுபோய் விடப்போறேன். பிள்ளை பெக்க முடியாதவ என்ன பொம்பளை? எனக்கும் குடும்பம்னு ஒண்ணு வேணும்ல."

இருளம்மாள் நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை, சாபமும் விடவில்லை. வாசலிலேயே நின்ற மருமகளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து, செம்பில் தண்ணீர் கொடுத்தாள். தவசிக்கு இருந்த குழப்பம் போதாதென்று இதுவும் சேர்ந்துகொண்டது.

"அவ ஆத்தாளை வையாத. சும்மா உக்காரச் சொன்னது நான்தான்."

"நீயா?"

"ஆமா. சடங்கு வைக்கச் சொன்னதும் நான்தான்."

"தெரிஞ்சேவா எனக்குக் கட்டி வச்ச? பெத்த பிள்ளைக்கு யாராச்சும் இப்படிச் செய்வாகளா ஆத்தா?"

"வேற எவனுக்குக் கட்டிக் குடுத்தாலும் ஒரே வருசத்துல தொரத்தி விட்டிருப்பான். ஒங்கய்யா வளத்த பிள்ளை அப்படிச் செய்ய மாட்டான்னு நம்பினேன்."

"அய்யாவுக்கும் இதுக்கும் என்ன?"

இருளம்மாள் மருமகளின் கையை விடாமலே அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"எங்க வழியில ஒண்ணு ரெண்டு பொண்ணு இப்படித்தான் பெறக்கும் அப்பு. நானும் வருசக்கணக்கா அந்தக் கொட்டகையில சும்மாதான் உக்காந்திருந்தேன்."

"அப்ப... நான்?"

"ஒங்கய்யா என்னைய எங்கயும் கொண்டுபோய் விடல. நாங்க குரங்கணி எஸ்டேட்டுல இருந்தப்ப, தாயைப் பறிகுடுத்துட்டு அழுதுக்கிட்டுக் கெடந்த ஒரு பச்சப்பிள்ளையத் தூக்கியாந்து, 'இந்தா, நம்ம பிள்ளை'ன்னு என் மடியில போட்டாரு."